கழுவாத ஜாடி

தம்பி,

அழைப்பிதழ் மாதிரி நேற்று மத்தியானம் வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து அப்பாவும் நானும் மாற்றி மாற்றிப் படித்தோம். உன் பெயரும் கயல் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. தாளைக் கையில் வாங்கியதுமே லேசர் பிரிண்டரில் எடுத்தது என்று தெரிந்துவிட்டது. விரலை ஈரமாக்கி ஒரு எழுத்தைத் தேய்த்துப் பார்த்தேன். அசையவில்லை. "நல்லா இருக்கிறதை எதுக்கு அழிச்சுப் பாக்குற?" என்றார் அப்பா. பழக்கம் என்றேன். அப்புறம் மூன்றாவது வரிக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டேன். என் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று போட்டிருக்கிறாய். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது, பிழை இருந்தால் அதற்குள் சொல்லுங்கள் என்று ஓரத்தில் எழுதியும் இருக்கிறாய். ஒரு பிழை இருக்கிறது. நான் முனைவர் இல்லை.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் என்னை எனக்குத் தெரியும். "என்னம்மா சொல்ற?" என்று நீ கேட்ட உடனே, "ஒண்ணுமில்லப்பா, சாப்ட்டியா?" என்று பேச்சை மாற்றிவிடுவேன். வாயால் வராதது எனக்குக் கையால் வரும். அதனால்தான் இம்புட்டு நீளமாக எழுதுகிறேன். டீ போட்டு வைத்துக்கொண்டு படி.

தப்பு உன்னுடையது இல்லை. நீ மூன்றாம் வகுப்பு படித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை நூர் சின்னம்மா நம் ஆனையூர் வீட்டுக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்ன டாக்டரம்மா, காப்பி கிடைக்குமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவள் என்னைக் கிண்டல் செய்யும் விதம் அது. அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் நீ 'எங்கள் அம்மா ஊசி போடாத டாக்டர்' என்று கட்டுரை எழுதினாய். உன் டீச்சர் என்னிடம் காட்டினார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பிறகு நீ கல்லூரியில் சேர்ந்த வருடம், சமையலறை வாசலில் நின்று, "அம்மா, நீ பிஎச்.டி. முடிச்சியா இல்லையா, ஒழுங்காச் சொல்லு" என்று கேட்டாய். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. "ம்" என்றேன். அந்த ஒரு 'ம்' இப்போது கல்யாணப் பத்திரிகை வரைக்கும் வந்துவிட்டது. நான் பொய்க்குத் துணை போனதில் அது இரண்டாவது தடவை. முதல் தடவை நான் செய்தது இதைவிடப் பெரிய வேலை. அதைச் சொன்னால்தான் இது உனக்குப் புரியும்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. திருவாதவூரில் எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வரை போன முதல் ஆள் நான். எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்திருந்தேன். படிப்பு வந்ததே தவிர பேச்சு வரவில்லை. பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் வந்தால்கூட "இறங்கணும்" என்று கண்டக்டரிடம் சொல்லக் கூச்சம். அடுத்த நிறுத்தத்தில் யாராவது இறங்கும்போது கூடவே இறங்கி, வந்த வழியே திரும்பி நடப்பேன். அப்படிப்பட்டவளுக்கு மதுரையில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் ஆராய்ச்சி உதவியாளர் வேலை கிடைத்தது. ஊரில் பெரியப்பா எனக்கு மேலூரில் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். "புள்ளைக்கு இந்த வேலை இருக்கிற வரைக்கும் கல்யாணப் பேச்சு வேண்டாம்ணே" என்று என் அப்பா அவரிடம் சொல்லி நிறுத்தி வைத்திருந்தார். வேலை போனால் மறுநாளே பெரியப்பா வண்டி கட்டிவிடுவார். அது எனக்கும் தெரியும், என் அப்பாவுக்கும் தெரியும்.

வேலை என்ன தெரியுமா? நீ இப்போது பெங்களூரில் பட்டனைத் தட்டினால் தாள் வருகிறதே, அந்தப் பிரிண்டருக்குள் ஒரு உருளை இருக்கிறது. அதன் மேல் மெல்லிசாக ஒரு பூச்சு. இருட்டில் அந்தப் பூச்சு மின்சாரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் விட்டுவிடும். லேசர் ஒளி அதன் மேல் எழுத்து எழுத்தாக ஓடும். ஒளி ஓடிய தடத்தில் கறுப்புத் தூள் போய் ஒட்டும். பிறகு அது தாளுக்கு இறங்கும். அந்தப் பூச்சுக்குள் இருந்து ஒளியைப் பார்ப்பது ஒரு நீலப் பொடி. தாலோசயனின் என்று பெயர். ஆனால் பிரிண்டரில் வரும் லேசர், நம் கண்ணுக்கே சரியாகத் தெரியாத அடர் சிவப்பு. சாதாரண நீலப் பொடிக்கும் அது தெரியாது. பொடியை நாள் கணக்கில் அரைத்தால், பொருள் அதேதான், உள்ளே அடுக்கி இருக்கும் விதம் மட்டும் மாறும்; மாறிவிட்டால் அந்தச் சிவப்பு அதற்குத் தெரியும். எப்படி அரைத்தால் மாறும் என்பதைக் கட்டுரை எழுதிய வெளிநாட்டுக்காரர்கள் முழுசாகச் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்கச் சொல்லி பம்பாயிலிருந்து ஒரு கம்பெனி எங்கள் பேராசிரியர் சாருக்குத் திட்டம் கொடுத்திருந்தது.

சாருக்குக் கீழே நாங்கள் இரண்டு பேர். கோரிப்பாளையத்து நூர்ஜகானும் (உன் நூர் சின்னம்மாதான்) நானும். நான் பொடியை அரைத்து அலுமினியத் தகட்டில் பூசித் தருவேன். அவள் இருட்டறையில் தகட்டுக்கு மின்சாரம் ஏற்றி, சிவப்பு ஒளியைக் காட்டி, மீட்டரில் ஊசி எவ்வளவு வேகமாக விழுகிறது என்று பார்ப்பாள். சட்டென்று விழுந்தால் பொடிக்குச் சிவப்பு தெரிகிறது என்று அர்த்தம். அவளுக்கு வாய் ஓயாது. எனக்குக் கை ஓயாது. என் கை எப்போதும் நீலம்தான். ஒரு தடவை ஊருக்குப் போனபோது பெரியப்பா என் கையைப் பார்த்துவிட்டு, "புள்ளைய காலேசுக்கு அனுப்பிச்சீகளா, சாயப்பட்டறைக்கு அனுப்பிச்சீகளா?" என்று கேட்டார். என் அப்பா, "ரெண்டுக்கும்தேன்" என்றார்.

அரைக்கிற பாத்திரம் ஒரு பீங்கான் ஜாடி. உள்ளே பீங்கான் குண்டுகள். ஜாடியை மூடி உருளைகளின் மேல் படுக்க வைத்தால் கடகடவென்று சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு நாள் சுற்றுவதுதான் எங்கள் கணக்கு. அந்த வருடம் சித்திரைத் திருவிழாவுக்குத் துறையைப் பூட்டிவிட்டுப் போனபோது, அட்டெண்டர் முத்தையா அண்ணன் ஜாடியை நிறுத்த மறந்துவிட்டார். அழகர் ஆற்றில் இறங்கி, மலைக்குத் திரும்பி, நாங்களும் திரும்பி வந்து கதவைத் திறந்தால், கடகடவென்று சத்தம் கேட்கிறது. எட்டு நாளாக அது சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. "ஓடுற சாமானை நிப்பாட்டுனா நீங்க வைவீகளேன்னு விட்டுட்டேன் சார்" என்று முத்தையா அண்ணன் ஒரே போடாகப் போட்டார். சார் தலையில் அடித்துக்கொண்டார். "பீங்கான் தேஞ்சு கலந்திருக்கும். கொட்டிட்டு, ஜாடியை ஆசிட்ல நல்லாக் கழுவிட்டுப் புதுசாப் போடும்மா" என்று என்னிடம் சொன்னார்.

கொட்டிவிட்டேன். ஜாடியின் சுவரிலும் குண்டுகளிலும் பொடி அப்பிக் கிடந்தது. அது தண்ணீருக்குப் போகாது, அடர் அமிலம்தான் வேண்டும். அமிலம் ஸ்டோரில் இருந்தது. ஸ்டோர்காரரோ எங்கள் இரண்டு பேரில் யார் போனாலும், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இம்புட்டு ஆசிட்டு? எதைக் கரைக்கப் போற?" என்று பத்துப் பேர் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்பார். மூன்று தடவை வாசல் வரை போனேன். மூன்று தடவையும் உள்ளே யாரோ இருந்தார்கள், திரும்பி வந்துவிட்டேன். கடைசியில் ஒரு பழைய செய்தித்தாளைச் சுருட்டி ஜாடியைத் துடைத்தேன். குண்டுகளையும் துடைத்தேன். புதுப் பொடியைப் போட்டுச் சுற்ற விட்டேன். பிறகு சோதனை நோட்டைத் திறந்து, என் அழகான கையெழுத்தில், 'ஜாடி அமிலத்தால் கழுவப்பட்டது' என்று எழுதினேன். எழுதும்போது கை நடுங்கவே இல்லை, தம்பி. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். பேசுவதற்கு நடுங்குகிறவள் பொய் எழுத நடுங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து தகட்டை நூரிடம் கொடுத்தேன். இருட்டறையின் கறுப்புத் திரைக்குப் பின்னாலிருந்து அவள் போட்ட சத்தத்தில் முத்தையா அண்ணன் கையிலிருந்த தேநீரைக் கொட்டிவிட்டார். "விழுந்துருச்சுடி! ஊசி தொபுக்கடீர்னு விழுந்துருச்சு!" அதுவரை எங்கள் தகடுகளில் ஊசி சோம்பேறி மாதிரி ஊர்ந்து இறங்கும். இது கல்லைப் போட்ட மாதிரி விழுந்தது. சார் ஓடி வந்து நான்கு தடவை பார்த்தார். அன்றைக்கே பம்பாய்க்குக் கடிதம் எழுதினார். ஒரு மாதத்தில் இரண்டு அதிகாரிகள் வருவார்கள், அவர்கள் முன்னால் புதிதாக அரைத்த பொடியில் இதைச் செய்து காட்ட வேண்டும். காட்டினால் திட்டம் நீளும், எங்கள் இரண்டு பேருக்கும் பிஎச்.டி. பதிவு, இல்லையென்றால் திட்டத்தை மூடிவிடுவார்கள். என் அப்பா இதை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பெரியப்பாகூட மேலூர் பேச்சை எடுக்கவில்லையாம்.

அடுத்த மூன்று வாரமும் பொடி ஏமாற்றியது. இந்த முறை சாரே கையெழுத்துப் போட்டு அமிலம் வாங்கிக் கொடுத்தார். முத்தையா அண்ணன் ஜாடியைக் கண்ணாடி மாதிரி கழுவி வைத்தார். அதே பொடி, அதே இரண்டு நாள். ஊசி மறுபடியும் ஊர்ந்தது. "ஒன் கைராசி எங்கடி போச்சு? சோப்புப் போட்டுக் கழுவிட்டியா?" என்று நூர் கேட்டாள். சார் எங்களைத் திட்டவில்லை. மீட்டரைத் திட்டினார், மின்வாரியத்தைத் திட்டினார். எனக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. ஆனால் கழுவாத ஜாடியால் கெடுதல் வரும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? நன்மை வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதிகாரிகள் வர ஐந்து நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை நூர் வீட்டுக்கு இடியாப்பம் சாப்பிடப் போயிருந்தேன். அவள் அம்மா தயிர்ச் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் கத்தினார். உள்ளே பால் பாலாகவே இருந்தது. "ஏண்டி, சட்டியைத் தேச்சுக் கழுவி வச்சியே, ஒரு சொட்டு மோர் விட்டியா? நான் எப்பவும் அடியில கொஞ்சம் தயிரை விட்டு வச்சு அதுமேலதானே பாலை ஊத்துவேன்!" நூர், "சுத்தமா இருந்தா நல்லதுதானேம்மா" என்றாள். "சுத்தமாத்தான் இருக்கு. பாலைக் குடி!" என்றார் அவர். கையிலிருந்த இடியாப்பத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். எட்டு நாள் சுற்றிய பொடி மாறிவிட்டிருந்தது. அதைத்தான் நாங்கள் குப்பையில் கொட்டினோம். சுவரில் அப்பியிருந்த மிச்சம், அடுத்து வந்த பொடிக்கு உறை ஊற்றியிருக்கிறது. பிறகு நாங்கள் சட்டியைக் கழுவிவிட்டோம்.

மாடிக்குக் கூட்டிப் போய் நூரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உறையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "நீயா? பொய் எழுதுனியா? வாயத் தெறக்கவே வெத்தலபாக்கு வச்சு அழைக்கணும், பொய் மட்டும் வக்கணையா எழுதுவியா?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் யோசித்தாள். "ஊசி விழுந்த அன்னைக்கு அரைச்ச நல்ல பொடி மிச்சம் புட்டியில இருக்குல்ல? நாளைக்கு யாருக்கும் தெரியாம ஒரு சிட்டிகை ஜாடியில போட்டுரு. ஊசி விழும், பம்பாய்க்காரன் கைதட்டுவான், நம்ம வேலை தப்பிச்சுரும். நோட்டை எவன் பாக்கப் போறான்?" அவளுக்கும் அந்த வேலை வேண்டும், தம்பி. அவள் சம்பளம்தான் அவள் தம்பிகளின் படிப்பு. நான் இரண்டு மணி நேரம் அதே யோசனையாக இருந்தேன், மறைக்க மாட்டேன். ஆனால் பம்பாய்க்காரர்கள் ஊருக்குப் போய்ச் சுத்தமான ஜாடியில் அரைப்பார்களே? ஊசி விழாதே? அப்போது சார்தான் பொய்யர் ஆவார். நான் இல்லை.

திங்கள் காலை சார் வருவதற்கு முன் நோட்டைத் திறந்தேன். சோதனை நோட்டில் எதையும் அழிக்கக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது என்பது சட்டம். தப்பான வரியின் மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானது. ஓரத்தில் கையெழுத்தும் தேதியும். 'ஜாடி அமிலத்தால் கழுவப்பட்டது' என்பதன் மேல் கோடு போட்டேன். 'கழுவவில்லை. செய்தித்தாளால் துடைத்தேன். எட்டு நாள் பொடியின் மிச்சம் உள்ளே இருந்தது. அதுவே காரணம் என்று நினைக்கிறேன்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அவர் மேசையில் விரித்து வைத்துவிட்டு, ஓடிவிடலாம் என்று திரும்பினேன். கதவில் நூர் நின்றாள். வழி விடவில்லை. "நில்லு. நானும் நிக்கிறேன்" என்றாள்.

சார் வந்து படித்தார். மறுபடியும் படித்தார். மூன்று வாரம் வீணாய்ப் போனது அவர் முகத்தில் ஏறுவதைப் பார்த்தேன். "மூணு வாரம்!" என்று மேசையில் ஒரு தட்டு தட்டினார். பேனா உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. பிறகு சன்னமாக, "எந்தப் பேப்பர்?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "துடைச்சியே, எந்தப் பேப்பர்?" "சினிமா விளம்பரம் போட்ட பக்கம் சார்." அவர் வாய் கோணியது. சிரிப்பை அடக்குகிறார் என்று நூருக்குத்தான் முதலில் தெரிந்தது. "போ. அந்தப் புட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் போடு. எவ்வளவுன்னு எடை போட்டு எழுது. போட்ட பிறகு இல்ல, போடுறதுக்கு முன்னாடி எழுது" என்றார். புதன்கிழமை சாயங்காலம் ஊசி விழுந்தது. தொபுக்கடீர்.

வெள்ளிக்கிழமை பம்பாய்க்காரர்கள் வந்தார்கள். புட்டியில் நான் தமிழில் 'உறை' என்று எழுதி ஒட்டியிருந்தேன். இது என்ன என்று ஒருவர் கேட்டார். சார் என்னைக் கை காட்டினார். "இவங்க தப்பு. இவங்களே சொல்லுவாங்க." நான் ஒரு அடி பின்னால் வைத்தேன். நூர் பின்னாலிருந்து முதுகில் ஒரு குத்து விட்டாள். அப்புறம் பேசினேன். தயிரில் தொடங்கி ஆங்கிலத்தில் முடித்தேன். பத்து நிமிடம் பேசினேனாம், நூர் மணி பார்த்திருக்கிறாள். திட்டம் நீண்டது. தண்டனையும் உண்டு: ஆறு மாதம் ஒவ்வொரு சனிக்கிழமையும் என் நோட்டை நானே சத்தமாக எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும். பெரியப்பாவுக்கு வேறு மாப்பிள்ளை தேட நேரம் கிடைத்தது, நான் உன் அப்பாவைப் பார்க்கவும் நேரம் கிடைத்தது. நீ சின்ன வயதில் துணிக்குப் போடும் நீலம் என்று நினைத்து உன் யூனிபார்ம் சட்டையில் கொட்டினாயே, அது அந்தப் புட்டிதான். சட்டைக்காகத் திட்டுகிற மாதிரி அன்றைக்கு உன்னைத் திட்டியது உண்மையில் புட்டிக்காக.

இனி 'ம்'முக்கு வருகிறேன். மூன்று வருடம் வேலை செய்தேன். பிறகு அந்தக் கம்பெனி உருளையை வெளிநாட்டிலிருந்தே வாங்கிக்கொள்ள முடிவு செய்துவிட்டது. திட்டம் முடிந்தது. ஆனால் என் ஆய்வேட்டில் நான்கு அத்தியாயம் டைப் ஆகி இருந்தது, ஒன்றுதான் பாக்கி. நூர் முடித்தாள். நான் முடிக்கவில்லை. கல்யாணம், குழந்தை, பள்ளிக்கூட வேலை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். உன்னைக்கூடக் காரணமாகக் காட்டியிருக்கிறேன், மன்னித்துக்கொள். உண்மை அது இல்லை. கடைசியில் வாய்மொழித் தேர்வு இருக்கிறது. வெளியூர்ப் பேராசிரியர் கேள்வி கேட்க, ஒரு மணி நேரம் எல்லோர் முன்னாலும் நின்று பதில் சொல்ல வேண்டும். பத்து நிமிடம் பேசியவள்தான். ஆனால் அன்று முதுகுக்குப் பின்னால் நூர் இருந்தாள். தேர்வில் அப்படி யாரையும் பின்னால் நிற்க விட மாட்டார்கள். பயந்துபோய் விட்டுவிட்டேன். இந்தப் பயம்தான் காரணம் என்று அப்பாவுக்கு மட்டும் தெரியும். நேற்று அந்த மூன்றாவது வரியைக் காட்டியபோது, "நான் சொல்ல மாட்டேன், நீயே சொல்லு" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது. கயலும் நீயும் ஒரே வீட்டில் இருக்கப் போகிறீர்கள். சுத்தமான ஜாடி மாதிரி வர வேண்டும் என்று இரண்டு பேரும் நினைப்பீர்கள். வேண்டாம். உன்னிடம் அப்பியிருப்பது என்ன என்று அவளுக்குத் தெரியட்டும். கோபம் வந்தால் இரண்டு நாள் பேசமாட்டாய், எல்லாம் முடிந்ததென்று சொல்லிவிட்டுப் பாதியில் வைத்திருப்பாய்; முதலாவது என்னிடமிருந்து வந்தது, இரண்டாவதும்தான். அவள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு. தப்பாகச் சொன்னது ஏதாவது இருந்தால், சொல்லவே இல்லை என்று அழிக்கப் பார்க்காதே. அவள் பார்க்கும்படி அதன் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதைச் சொல்லு. நான் தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு 'ம்' சொன்ன மாதிரி சொல்லாதே.

மாதிரித் தாளை இதோடு வைத்திருக்கிறேன். 'முனைவர்' மேல் ஒரே கோடு. அடியில் நீ ஆசையாகப் போட்டது படிக்கத் தெரியும். என் பெயருக்குப் பின்னால் 'எம்.எஸ்ஸி.' என்று எழுதியிருக்கிறேன், அது நான் படித்தது. ஓரத்தில் கையெழுத்தும் தேதியும் இருக்கிறது. நூர் பெயருக்கு முன்னால் முனைவர் போட மறந்துவிட்டாய். அதையும் சேர்த்திருக்கிறேன், இல்லையென்றால் மண்டபத்தில் வந்து சண்டை போடுவாள். புது வீட்டுக்குப் பால் காய்ச்சும் அன்றைக்கு உறை மோர் நான் கொண்டு வாரேன், கயலைக் கடையில் வாங்க வேண்டாம் என்று சொல்லு.

இன்னொன்று. மேடையில் பெற்றோரைப் பேசச் சொல்வார்களாமே. மைக்கை என்னிடம் கொடுக்கச் சொல்லு. வாங்கிக்கொள்வேன். நூரை முதல் வரிசையில் உட்கார வை, எனக்குப் பின்னால் வேண்டாம்.

அம்மா